ஜிமெயில் தடுக்கும் பூட்டிய கோப்பு

வணக்கம் சார். வண்ணாரப்பேட்டை கடைக்காரர்களின் பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்களை 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி அனுப்பினால் ஜிமெயில் தடுக்கிறது என்கிறீர்கள். அந்த மென்பொருளின் சொந்த வடிவமான 7இசட்டில் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தை டிக் செய்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் பட்டியலைப் படிக்க முடியாத பொதியை ஜிமெயில் ஏற்காது. வடிவத்தை ஜிப் என்று மாற்றி, என்கிரிப்ஷனில் (பூட்டும் முறையில்) ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறையைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே இருக்கும் ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை வேண்டவே வேண்டாம், உடைப்பது எளிது. ஜிப்பில் பெயர்கள் வெளியே தெரியும். ஆகவே கோப்புக்கு ஆள் பெயர், பான் எண் வைக்காமல் '01', '02' என்று மாற்றிவிடுங்கள். ஜிப்புக்குள் இன்னொரு ஜிப்பும் கூடாது.

ஜிமெயிலின் 25 எம்பி வரம்பை நம்பாதீர்கள். மின்னஞ்சலில் இணைப்பு மூன்றில் ஒரு பங்கு பெருகும், 18 எம்பிக்குள் நிறுத்துங்கள்.

பாஸ்வேர்டை அடுத்த மெயிலில் அனுப்புகிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. மெயில்பெட்டி ஒருவன் கையில் சிக்கினால் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகும். போனில் சொல்லுங்கள். இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்ட் மாதிரி பெயரின் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் வேண்டாம், அந்த முறை ஊருக்கே தெரியும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோர்த்து, ஆளுக்கு ஒன்றாக வையுங்கள்.

போனில் மட்டும் மெயில் பார்ப்பவருக்கு ஜிப் சிரமம். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போதே திறப்பதற்கான பாஸ்வேர்ட் போட்டுவிடுங்கள்.