பழைய கோ-கார்ட் வாங்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஞாயிறு காலை சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கார்ட் ஓட்டுவேன், தரையை ஒட்டி ஓடும் குட்டி ரேஸ் வண்டி. மற்ற நாட்களில் கார்ஷெட்டில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் கார்ட்டை செகண்ட் ஹேண்டில் வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இவை பதில்கள்.

போரூர்க்காரர்: ரோட்டாக்ஸ் எஞ்சினா, ஹோண்டாவா? எதை வாங்கலாம்?

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரேஸ் என்றால் நீங்கள் இறங்கும் கிளாஸில் (போட்டிப் பிரிவில்) என்ன எஞ்சினோ அதுதான், உங்கள் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. சீனியர் ரோட்டாக்ஸ் மேக்ஸ் 125 சிசி, டூ ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின், சுமார் 30 குதிரைத்திறன். வாடகை கார்ட்டில் பார்க்கும் ஹோண்டா ஜிஎக்ஸ் 270 அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஆயிலை மாற்றிக்கொண்டே இருந்தால் வருஷக்கணக்கில் ஓடும். ரோட்டாக்ஸை சுமார் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து பிஸ்டன், பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும். செலவு வாங்கும்போது தெரியாது, அப்புறம்தான் தெரியும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ரோட்டாக்ஸ் எஞ்சினில் சீல் இருக்கும், சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அடையாளம். எஞ்சின் எண்ணும் சீல் எண்ணும் அதன் புத்தகத்தில் எழுதியிருக்கும். எஞ்சினில் இருப்பது புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் விலை பேசவே உட்காராதீர்கள்.

அம்பத்தூர்க்காரர்: சேஸிஸ், அதாவது ஃப்ரேம், நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. பின் ஆக்ஸில் ஒரே தண்டு. வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழுப்புவது முன்பக்க ஸ்டியரிங் கோணமும் ஃப்ரேமின் நெளிவும்தான். அந்த ஃப்ரேம் வளைந்திருந்தால் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி திரும்பும். எந்த எஞ்சின் போட்டாலும் அது சரியாகாது.

கிங்பின்னிலிருந்து (முன் சக்கரம் திரும்பும் ஆணி) பின் ஆக்ஸில் பேரிங் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் இருக்கக் கூடாது. கார்ட்டைக் கவிழ்த்து, அடிக்குழாயில் விரலை ஓட்டுங்கள். டிராக் ஓரத்துக் கெர்ப்பில் ஏறி ஏறித் தேய்ந்த இடம் உருண்டையாக இருக்காது, தட்டையாகத் தெரியும். பின்பக்கத்தைத் தூக்கி ஆக்ஸிலைச் சுழற்றி, பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கிறது.

அப்புறம் புது பெயின்ட். என் முதல் கார்ட் பளபளவென்று சிவப்பாக இருந்தது. மூன்றாவது வாரம் சீட் ஆடுகிறதே என்று ஒரு ரூபாய்க் காசால் வெல்டிங் ஓரம் சுரண்டினேன். பெயின்ட்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே விரிசல். விற்றவர் போனை எடுக்கவில்லை. துருப்பிடித்த ஃப்ரேமாவது உண்மையைச் சொல்லும்.

தாம்பரம் தம்பி: விடியற்காலையில் ஈசிஆரில் ஓட்டிப் பார்க்கலாமா அண்ணா?

கூடாது. லாரிக்காரர் கண்ணுக்கு நீ தெரியவே மாட்டாய்.

அயனாவரம் பெரியவர்: ஆர்எக்ஸ் 100 எஞ்சினை மாட்டினால் போதாதா? புதுப்பேட்டையில் பார்ட்ஸ் கிடைக்கும். சோழவரம் காலத்திலிருந்து பார்க்கிறேன், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் பார்த்தவர் என்றால் முதலில் ஒரு வணக்கம். ஆனால் சார், அது 11 குதிரைத்திறன், காற்றில் குளிரும் எஞ்சின். பைக்கில் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். கார்ட்டில் ஓட்டுபவர் முழங்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மே மாத வெயிலில் பத்து லேப் முழு ஆக்ஸிலரேட்டரில் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மறுபடி அவரே: ரோட்டாக்ஸ் பிஸ்டன் ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டும். இது பஸ் பிடித்துப் போய் வாங்கி வரலாம்.

இது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. நல்லதெல்லாம் சேகரிப்பவர்கள் கையில், மிச்சத்தில் பாதி டூப்ளிகேட். கியர் லீவருக்கு லிங்க் செய்ய வேண்டும், மவுன்ட் செய்ய வேண்டும். வெல்டிங் கற்றுக்கொள்ள அருமையான வேலை, காலேஜ் பசங்க பைக் எஞ்சின் போட்டு கார்ட் கட்டுகிறார்கள், ரசித்திருக்கிறேன். ஆனால் எந்த கிளாஸில் இறங்குவீர்கள்? அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

வேளச்சேரி அம்மா: பையனுக்கு 9 வயது. கொஞ்சம் பெரிய கார்ட்டாக வாங்கினால் வளர்ந்த பிறகும் ஓட்டலாமே?

தீபாவளிச் சட்டை மாதிரி வாங்கக் கூடாது மேடம். பெரியவர்கள் கார்ட்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 1,040 மில்லிமீட்டர் வரும், சிறுவர்களுக்கு 950. சீட் தொளதொளவென்று இருந்தால் விலா எலும்பு அடிவாங்கும். ரிப் புரொடெக்டர் கட்டாயம் போடுங்கள். முதலில் நாலைந்து முறை வாடகைக்கு ஓட்டட்டும். ஆசை நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

மடிப்பாக்கத்துக்காரர்: ரோட்டாக்ஸ் நல்லதா, ஹோண்டா நல்லதா?

போரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெரம்பூர்க்காரர்: சீல் உடைந்த ரோட்டாக்ஸ், பாதி விலைக்குத் தருகிறார்.

மிச்சப் பாதியை சர்வீஸ் சென்டரில் கட்டுவீர்கள். வேண்டாம்.

குரோம்பேட்டைக்காரர்: பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், நம் ஊர் கடற்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். ரோட்டாக்ஸ் என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடியுங்கள். கார்புரேட்டரைக் காலி செய்யாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். எத்தனால் கூடினால் காற்று-பெட்ரோல் கலவை மெலியும். ஸ்பார்க் பிளக் வெளுத்து வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

ஆவடிக்காரர்: ஹோண்டாவா ரோட்டாக்ஸா?

சார்!

கொளத்தூர்க்காரர்: வாங்கிய கார்ட்டை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது?

குட்டி யானை பேசிக்கொள்ளுங்கள். கயிற்றை ஃப்ரேமில் கட்டுங்கள், ஸ்டியரிங் தண்டிலோ ஆக்ஸிலிலோ கட்டினால் மதுரவாயல் தாண்டுவதற்குள் வளைத்துவிடுவார்கள். டேங்க் காலியாக இருக்கட்டும். எஞ்சின் புத்தகத்தை மட்டும் வண்டியோடு அனுப்பாமல் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.