எலக்ட்ரானுக்கு ஏன் மைனஸ்? – வாசகர் கடிதம்

அண்ணா வணக்கம். பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கேன். பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கறா. ஹைட்ரஜன் எலக்ட்ரானோட எனர்ஜி மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட்னு புக்ல இருக்குதாம், எனர்ஜி எப்படிப்பா மைனஸ்ல இருக்கும்னு கேக்கறா. அப்புறம் ஒரு லெவல்ல இருந்து இன்னொண்ணுக்கு தாவறப்ப நடுவுல எங்க இருக்கும்? நான் பத்தாவதோட நின்னவன், வெளங்கல.

*

வணக்கம் தம்பி,

பாப்பா கேட்டது சரியான கேள்வி, நெறைய பேர் கேக்காமயே மனப்பாடம் பண்ணிட்டு போயிடறாங்க.

உங்க தோப்பு கெணத்தையே எடுத்துக்கோங்க. தரைய சைபர்னு வெச்சா உள்ள இருக்கற படியெல்லாம் மைனஸ் தானே. அணுவுல இருந்து விடுபட்டு சும்மா நிக்கற எலக்ட்ரான் தான் தரை, உள்ள மாட்டினது அதுக்கு கீழ. அடியில இருக்கற படி மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல எனர்ஜிய அளக்கற அலகு), அடுத்தது மைனஸ் 3.4, அப்புறம் மைனஸ் 1.51, மைனஸ் 0.85ன்னு மேல வர வர படி நெருங்கிட்டே வரும். அடியில இருக்கறத வெளிய தூக்க 13.6 குடுத்தாகணும், மைனஸுக்கு அர்த்தம் அவ்ளோதான்.

ஆனா ரெண்டாவது கேள்விக்கு கெணறு உதவாதுங்க. லெவல்ங்கறது எடமே இல்ல, எனர்ஜியோட அளவு. 1913ல நீல்ஸ் போர்ங்கற விஞ்ஞானி எலக்ட்ரான் வட்டம் வட்டமா சுத்துதுன்னு சொன்னாரு, 1926ல ஷ்ரோடிங்கர்ங்கற விஞ்ஞானியோட சமன்பாடு வந்ததும் எலக்ட்ரான் அணு பூரா பரவின அலைன்னு ஆயிடுச்சு, அந்த அலை சில எனர்ஜில மட்டுந்தான் நெலையா நிக்கும். எறங்கறப்ப ரெண்டு நெலையும் கலந்திருக்கும், மேல் நெலையோட பங்கு கொறைய கொறைய கீழ் நெலையோடது கூடும், அந்த வித்தியாசம் ஒளியா வெளிய போயிடும். நடுவுல அந்தரத்துல நிக்கற கதையே கெடையாது. புக்ல இன்னமும் அந்த வட்டத்தையே பெருசா போடறது எனக்கு புடிக்கல.

இத வீட்லயே பாக்கலாம். களிக்கு உப்பு போட்டு வெச்ச ஒல பொங்கி கேஸ் அடுப்புல வழிஞ்சா நீலமா எரியற தீ சட்டுனு மஞ்சளாகுதில்ல, அது உப்புல இருக்கற சோடியம். சூட்டுல எலக்ட்ரான் ஒரு லெவல் ஏறும், சராசரியா 16 நானோசெகண்டுல (நானோன்னா நூறு கோடில ஒரு பங்கு) எறங்கி 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஒளிய விடும், அலைநீளம் 589 நானோமீட்டர். எந்த ஊர் உப்பா இருந்தாலும் இந்த கணக்கு மாறாது. முன்னாடி கிருஷ்ணகிரி பைபாஸ்ல ஆரஞ்சா எரிஞ்சிட்டிருந்த லைட்டும் சோடியம் தான், உள்ள அழுத்தம் ஜாஸ்திங்கறதால கலர் கொஞ்சம் பரவி தெரியும்.

எவ்ளோ துல்லியம்னா, 1868ல சூரியன்ல ஒளியில ஒரு மஞ்சக் கோடு தெரிஞ்சுது, அலைநீளம் 587.6 நானோமீட்டர். சோடியத்துக்கு ஒன்னரை நானோமீட்டர் தான் தள்ளி, ஆனா அந்த ஒன்னரைய வெச்சே இது சோடியம் இல்ல, வேற ஏதோ தனிமம்னு லாக்யர்ங்கற வானியல் விஞ்ஞானி சொன்னாரு. அதாங்க ஹீலியம், பூமில கையில கெடைக்க 1895 ஆச்சு.

பரீட்சைல போரோட அணு மாதிரிய கேட்டா பாப்பாவ வட்டமே போடச் சொல்லுங்க, மார்க் அதுக்குத்தான்.