விடுமுறையில் வாடகைக் கார் எடுப்பதா, டாக்ஸியில் போவதா?

கேள்வி: அடுத்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு எட்டு நாள் வெளிநாடு போகிறோம். நான், கணவர், 4 வயதிலும் 7 வயதிலும் இரண்டு குழந்தைகள், 68 வயது மாமியார் என மொத்தம் ஐந்து பேர். முதல் மூன்று நாளும் கடைசி இரண்டு நாளும் ஒரே பெரிய நகரத்தில் தங்குகிறோம். நடுவில் மூன்று நாள் மலைப்பக்கம். அங்கே ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் வரை சுற்ற வேண்டியிருக்கும். எட்டு நாளுக்கும் சேர்த்து ஒரு காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுகிறேன், அதுதான் மலிவு என்கிறார் கணவர். எனக்கோ டாக்ஸியிலேயே போய்விடலாம் என்று தோன்றுகிறது. எது லாபம்? டெபாசிட் என்று கிரெடிட் கார்டில் பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்களாமே, அது ஒழுங்காகத் திரும்பி வருமா?

பதில்: உங்கள் இருவர் பேச்சிலும் பாதி சரி இருக்கிறது. எட்டு நாளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு நாளாகப் பாருங்கள். கார் ஓடுகிற நாளில் காசுக்கு வேலை செய்கிறது. நிற்கிற நாளில் அதற்கும் வாடகை, அது நிற்கிற இடத்துக்கும் வாடகை.

இணையத்தில் கண்ணில் படுகிற நாள் வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். நீங்கள் போகிற ஊரின் உண்மையான விலைகளை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். கூடுதல் இன்ஷூரன்ஸுக்கு 30, இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு 15, நகரத்தில் பார்க்கிங் 20, பெட்ரோல் 10. ஆக, 100 என்று தெரிந்த கார் கையில் வரும்போது 175. அதே நகரத்தில் உங்கள் ஐந்து பேருக்கும் ஏற்ற டாக்ஸியில் ஒரு சவாரிக்குச் சராசரியாக 25 ஆகிறது என்றால், ஏழு சவாரி போனால்தான் காருக்குச் சமம். சிறு குழந்தைகளையும் பெரியவரையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் ஏழு முறை டாக்ஸி ஏறி இறங்க முடியுமா? காலையில் கிளம்பி, இரண்டு இடம் பார்த்து, அறைக்குத் திரும்புவதற்கு மூன்று நான்கு சவாரி போதும். நான்கு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 100தான். நகரத்து ஐந்து நாளும் டாக்ஸிதான்.

மலையில் கணக்கு தலைகீழாகிறது. பார்க்கிங் செலவு அநேகமாக இருக்காது. பெட்ரோலை 35 என்று கூட்டிப் போட்டாலும் ஒரு நாள் கார் செலவு 180தான். டாக்ஸியில் 180 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 2 என்று பேசி முடித்தாலும் 360-க்குக் குறையாது. ஏனென்றால், உங்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் காலியாகத் திரும்பும் தூரமும் அந்தக் கட்டணத்துக்குள் இருக்கும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. போகும்போது செயலியில் கிடைத்த டாக்ஸி, சாயங்காலம் திரும்பி வர அந்த இடத்தில் கிடைக்காமல் போகலாம். மாமியாரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்த நிலையில் நிற்கக் கூடாது.

இப்போது கூட்டிப் பார்ப்போம். எட்டு நாளும் கார் என்றால் 1,415. எட்டு நாளும் டாக்ஸி என்றால் 1,580. நகரத்தில் டாக்ஸி, மலைக்கு மட்டும் கார் என்றால் 1,040. காரை எடுக்கவும் விடவும் போய்வர இரண்டு சவாரிக்கு 50 சேர்த்தால் 1,090. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. வாரக் கணக்கில் எடுத்தால் பல நிறுவனங்கள் நாள் வாடகையைக் குறைத்துத் தருகின்றன. ஐந்து நாளுக்கு ஆவதைவிட ஏழு நாளுக்குக் குறைவாகக்கூட வரும். அதனால் மூன்று நாளுக்கும் எட்டு நாளுக்கும் விலையைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் உதாரணத்தில் 100 என்பது 80 ஆகக் குறைந்தாலும் எட்டு நாள் கார் 1,255 வருகிறது. கலந்து போவதே அப்போதும் மலிவு.

காரின் அளவைக் கவனியுங்கள், இதில் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் ‘ஐந்து பேர்’ என்று போட்டிருக்கும். பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிவிட்டால் நடுவில் உங்கள் மாமியார் நிம்மதியாக உட்கார இடம் இருக்காது. பெட்டிகள் வேறு. உங்களுக்கு ஏழு பேர் வண்டிதான் சரிப்படும், விலையையும் அதற்கே பாருங்கள். டாக்ஸியிலும் இதே கதைதான். சாதாரண டாக்ஸியில் பொதுவாக நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். செயலியில் பெரிய வண்டியைத் தேர்ந்தெடுத்து வரும் கட்டணத்தைத்தான் சராசரிக்கு எடுக்க வேண்டும். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும், முடிந்தால் ஒரு மழை நாளிலும், நீங்கள் போகப்போகிற இடங்களைப் போட்டுப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் கட்டணம் எவ்வளவு ஏறுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். குழந்தை இருக்கையை ஊரிலிருந்தே கொண்டுபோக முடியுமானால் நல்லது. பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. டாக்ஸியிலும் காரிலும் அதுவே உதவும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். ஒரு குடும்பத்தின் மொத்த விடுமுறைப் பணமும் ஒரே நாளில் கரைய முடியும் என்றால் அது இந்த இடத்தில்தான். வாடகையோடு சேர்ந்தே வரும் சேதக் காப்பில், முதல் ஒரு குறிப்பிட்ட தொகை வரை சேதம் உங்கள் பொறுப்பு. அந்தத் தொகை சில சமயம் மொத்த வாடகையைவிடப் பல மடங்கு இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் காப்பில் வராது. மலைச் சாலையில் அடிபடுவது பெரும்பாலும் இவைதான். பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று நினைக்காதீர்கள், மோட்டார் வாகனத்தால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்பைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை. அந்த முதல் தொகையை மட்டும் ஈடுகட்டத் தனியாக ஒரு காப்பு கிடைக்கிறது. கிளம்புவதற்கு முன்பே வாங்கினால், கவுண்டரில் கேட்பதைவிட அது பெரும்பாலும் மலிவு. அதில் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு முறை நான் காரைத் திருப்பி விட்டபோது அலுவலகத்தில் ஆளே இல்லை. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓடினேன். இரண்டு வாரம் கழித்துச் சக்கர விளிம்பில் கீறல் என்று கார்டிலிருந்து பணம் எடுத்தார்கள். நான் எடுக்கும்போதே இருந்த கீறலா என்று என்னால் காட்ட முடியவில்லை, என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அன்றிலிருந்து எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு சக்கரம், கண்ணாடி, கூரை, உள்பக்கம், பெட்ரோல் முள், ஓடிய தூரம் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுக்காமல் நகர்வதில்லை. உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

அவரிடம் சொல்ல இன்னும் இரண்டு உண்டு. சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே சொந்த நாட்டில் வாங்கிவிட வேண்டும். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது ஓராண்டு செல்லும், 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவது மூன்று ஆண்டு வரை. எது செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 1949 வகை மட்டும்தான். அனுமதியோடு அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். செல்லாத உரிமத்தோடு ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. இன்னொன்று, அந்த ஊரில் சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவார்கள் என்பது. பழகாத பக்கத்தில், வளைவான மலைச் சாலையில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தயக்கம் இருந்தால், ஓட்டுநரோடு வண்டியை அந்த மூன்று நாளுக்கு மட்டும் பேசிப் பாருங்கள். அந்தக் கட்டணத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், ஓட்டுநரின் இரவுத் தங்கல் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரைவிடக் கொஞ்சம் கூட ஆனாலும், உங்கள் வீட்டு நிலைமைக்கு அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

காரை விமான நிலையத்தில் எடுக்க வேண்டாம், நான்காம் நாள் காலையில் நகரத்துக் கிளையில் எடுங்கள். விமான நிலையக் கிளைகளில் தனிக் கட்டணம் சேர்ப்பது வழக்கம். வாடகை நாள் என்பது பொதுவாக எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். காலை 9 மணிக்கு எடுத்துவிட்டு, கடைசி நாள் 11 மணிக்கு விட்டால் இன்னொரு நாள் வாடகை கேட்கலாம். கிளை மூடும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டெபாசிட். கிரெடிட் கார்டில் அவர்கள் செய்வது பணத்தை எடுப்பது அல்ல, உங்கள் வரம்பில் அந்த அளவை முடக்கி வைப்பது. காரைச் சேதமில்லாமல் விட்டால் முடக்கம் நீங்கும், ஆனால் அது நீங்கச் சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை ஆகலாம். அதுவரை அந்த வரம்பை வேறு செலவுக்குப் பயன்படுத்த முடியாது. டெபிட் கார்டு கொடுத்தால் வங்கிக் கணக்கில் உள்ள பணமே மாட்டிக்கொள்ளும், பல கிளைகளில் அதை ஏற்பதும் இல்லை. கார்டு ஓட்டுபவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பார்கள், அதனால் காருக்கு உங்கள் கணவர் கார்டு. ஹோட்டல், டாக்ஸி, சாப்பாடு எல்லாம் உங்கள் கார்டில் போகட்டும். கிளம்பும் முன் அவருடைய கார்டு வரம்பு டெபாசிட்டைத் தாங்குமா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். காரை விடும்போது ‘சேதம் இல்லை’ என்ற சீட்டை வாங்கி, கணக்கு முடியும் வரை பத்திரமாக வையுங்கள்.