கல்லாப்பெட்டியும் காசும்

ஐயா,

ஆங்கிலக் 'கேஷ்' நம் 'காசு'தான் என்று வாட்சப்பில் ஒரு செய்தி வந்தது. லாங் பஜாரில் எங்கள் கடைக்கு வந்த நாலு பேருக்குப் படித்தும் காட்டினேன். கல்லூரியில் படிக்கும் மகள், "அது லத்தீன்பா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஆனால் தாத்தா வைத்துவிட்டுப் போன 1808ஆம் ஆண்டுச் செம்பு நாணயத்தில், ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே இருக்கிறது. வேறு சான்று வேண்டுமா?

- ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதும் சரி, நாணயம் சொல்வதும் சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

"கேஷா, ஜிபேயா?" என்று கடையில் கேட்கிறீர்களே, அந்தக் கேஷுக்கு மூலம் லத்தீன் 'கப்ஸா'. பெட்டி என்று பொருள். (நம்மூர் கப்சா வேறு!) இத்தாலி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது. அப்புறம் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கே நிலைத்துவிட்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. "இன்னைக்கு நல்லா கல்லா கட்டுச்சு" என்னும்போது நீங்கள் பெட்டியையா சொல்கிறீர்கள்?

தாத்தாவின் கேஷ் நம் காசுதான். 'காசு' காதில் விழுந்ததும் போர்த்துக்கீசியர், தங்கள் மொழியில் பெட்டிக்கு இருந்த 'காய்ஷா'வையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். காய்ஷாவும் கப்ஸாவின் பிள்ளைதான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' ஆக்கி, சீனாவின் ஓட்டைக் காசுக்கும் அதே பெயரை வைத்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம் (அதுவும் அன்று ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்னும் பொன் நாணயம். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்து இதை ஓரங்கட்டியது.

நாணயத்தில் ஆங்கில எழுத்துக்கு மேலே பாரசீக வரிகள் இருக்கும். உருது படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் பஜாரிலேயே இருப்பார், காட்டுங்கள். 'பீஸ்த் காஸ்' என்று தொடங்கும்; இருபது காசு. ஆங்கிலத்தில் கேஷ் ஆனது அங்கே காஸாகவே இருக்கிறது.

இந்த நாணயங்களை இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படி ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கிவிட்டது. பின்னாளில் முக்குளிப்பவர்கள் அள்ளியெடுத்த 1808ஆம் ஆண்டு நாணயங்கள் சந்தையில் நிறையவே கிடக்கின்றன. லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள்.