டீக்கடை டம்ளர்

கேள்வி: டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூன் போட்டால், ஒடிந்ததுபோல் தெரிகிறது. ஒளி ஏன் இப்படி வளைகிறது? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: ஸ்பூனை விடுங்கள், டம்ளரைப் பாருங்கள். சுவர் தடிமன், அடி அதைவிடத் தடிமன். உள்ளே டீக்கு மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் டீ வெளி விளிம்பு வரை நிறைந்திருக்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) சுமார் 1.5. ஆகவே உருண்டைச் சுவருக்குள் இருக்கும் டீ ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். உள் விட்டம் வெளி விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே போதும், சுவர் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியும் டீயில் பாதிகூட வாய்க்கு வராது.

இதற்காகத்தான் எவர்சில்வர் டம்ளரே நியாயம் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதினேன். 'டீ என்றால் நிறம் பார்த்துக் குடிக்க வேண்டும்' என்று ஆயிரம் விளக்கு வாசகர் ஒருவர் விடாமல் மறுப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருங்கள் ஐயா, குடிப்பதற்குத்தான் இருக்காது.

சரி, உங்கள் கேள்வி. ஒளி வெற்றிடத்தில் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். தண்ணீரில் 2.25 லட்சம், கண்ணாடியில் 2 லட்சம். மெரினாவில் தார் ரோட்டிலிருந்து மீன்பாடி வண்டியைச் சாய்வாக மணலில் இறக்குங்கள். முதலில் இறங்கிய சக்கரம் திணறும், மற்றது ரோட்டில் பழைய வேகத்திலேயே வரும், வண்டி திரும்பிவிடும். நேராக இறக்கினால் வேகம் மட்டும் குறையும், திசை மாறாது. ஒளிக்கும் அதேதான். ஸ்பூனிலிருந்து வரும் ஒளி தண்ணீரைவிட்டு வெளியேறும்போது திரும்புகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, நேராக வந்ததாகவே நினைத்து ஸ்பூனை வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறது.

எவ்வளவு திரும்பும் என்பதற்கான விதி, நம் பாடப்புத்தகத்தில் ஸ்நெல் பெயரில் இருக்கிறது. பாக்தாதில் கணித அறிஞர் இப்ன் சாஹ்ல் 984-லேயே அதை எழுதி வைத்துவிட்டார். ஹாலந்துக்காரர் ஸ்நெல் 1621-ல் கண்டுபிடித்தும் அச்சுக்குக் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637-ல் அச்சிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை அந்த விதிக்கு அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

தீபாவளி மலருக்குக் கதை தருவதாகச் சொல்லிவிட்டுப் பொங்கல் வரை போனை எடுக்காத எழுத்தாளர்கள் ஸ்நெல் கதையை இன்னொரு முறை படிக்கவும். இந்த வருடம் மலர் ஆகஸ்டிலேயே அச்சுக்குப் போகிறது.