சராசரி 20 என்றால், யாருக்கு 20? பொருளியல், புள்ளியியல் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புள்ளியியல்தான். பொருளியல் மாணவர்களின் பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிறது! ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (9-ஆம் வகுப்பு): சார், கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு என்று மூன்று எதற்கு? ஒன்று போதாதா?

போதாது. 4, 5, 5, 6, 80 என்று ஐந்து எண்களை எடுத்துக்கொள். கூட்டினால் 100, ஐந்தால் வகுத்தால் சராசரி 20. இப்போது அந்த எண்களைத் திரும்பப் பார். 20-க்குப் பக்கத்தில் ஒன்றாவது இருக்கிறதா? நான்கு எண்கள் 6-ஐத் தாண்டவில்லை, ஐந்தாவது மட்டும் எங்கோ உயரத்தில் நிற்கிறது. இடைநிலை (ஏறுவரிசையில் நடுவில் நிற்பது) 5, முகடும் (அதிகத் தடவை வருவது) 5.

அந்த 80-ஐ 800 ஆக்கு. சராசரி 164-க்குத் தாவிவிடும், இடைநிலை அசையவே அசையாது. வருமானத்தைப் பற்றிப் பேசும்போது "இடைநிலை என்ன?" என்று கேட்பது இதனால்தான். உயரம் வேறு விஷயம். ஒருவர் இன்னொருவரைவிட இருபது மடங்கு உயரமாக இருக்க முடியாதே, அங்கே சராசரி நன்றாகவே வேலை செய்யும். முகடு யாருக்கு வேண்டும்? செருப்பு செய்பவருக்கு. சராசரி அளவு 7.3 என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அதிகம் பேர் போடும் அளவு எது என்பதுதான் அவருக்குத் தேவை.

இன்னொன்று: எண்களை ஏறுவரிசையில் எழுதாமல் நடுவில் இருப்பதை எடுத்து இடைநிலை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

கேள்வி (10-ஆம் வகுப்பு): திட்ட விலக்கத்தில் முதலில் வர்க்கம், கடைசியில் வர்க்கமூலம். ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்?

நியாயமான எரிச்சல். 48, 49, 50, 51, 52 ஒரு தொகுதி. 10, 30, 50, 70, 90 இன்னொரு தொகுதி. இரண்டுக்கும் சராசரி 50, ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. சிதறலை அளக்கலாம் என்று முதல் தொகுதியின் விலக்கங்களை, அதாவது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து வருவதை, எழுதினால் −2, −1, 0, 1, 2. கூட்டினால் 0. இரண்டாவதைக் கூட்டினாலும் 0. எந்தத் தொகுதியை எடுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சமன் ஆகிற இடத்துக்குத்தான் சராசரி என்று பெயர்.

அந்தக் கழித்தல் குறியைப் போக்கத்தான் வர்க்கம். முதல் தொகுதியில் 4+1+0+1+4 = 10, ஐந்தால் வகுத்தால் 2, மூலம் ஏறத்தாழ 1.41. அதுதான் திட்ட விலக்கம். இரண்டாவதுக்குப் போட்டுப் பார், 28.28 வரும். மூலம் எடுக்காவிட்டால் சென்டிமீட்டரில் அளந்தது சதுர சென்டிமீட்டராக நிற்கும். குறியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டி வகுக்கக்கூடாதா என்றால், வகுக்கலாம். அதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர். தப்பே இல்லை. ஆனால் மேல்வகுப்புக் கணக்குகளில் வர்க்கம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

கேள்வி (11-ஆம் வகுப்பு): "விலை ஏறினால் தேவை குறையும்" என்று எழுதினேன். அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். என்ன தப்பு?

கறாரான திருத்தல், ஆனால் சரியான திருத்தல். விலை மாறும்போது மாறுவது தேவையின் அளவு. அதைத் தேவை விரிவு, தேவைச் சுருக்கம் என்கிறோம். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோட்டின் மேல் விரலை வை. விலை ஏறினால் விரல் அதே கோட்டில் மேல்நோக்கி நகரும். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். வருமானமோ, ரசனையோ, பதிலிப் பொருளின் (தேநீருக்குப் பதில் காபி போல) விலையோ மாறினால்தான் கோடே இடம்பெயரும். தேவை அதிகரிப்பு, குறைவு என்ற சொற்கள் அதற்கு மட்டும். "பிற நிலைமைகள் மாறாதிருக்கும்போது" என்பதையும் விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அது அலங்காரத்துக்குப் போட்ட வரி இல்லை, விதியே அதன் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: வாய்ப்புச் செலவு என்றால் கைவிட்ட எல்லாவற்றையும் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். கைவிட்டவற்றில் மிகச் சிறந்த ஒன்று மட்டும். ஒரு மணி நேரத்தில் படித்திருக்கலாம், விளையாடியிருக்கலாம், தூங்கியிருக்கலாம். மூன்றையும் அதே மணி நேரத்தில் செய்திருக்க முடியாதல்லவா?

கேள்வி (ஒரு பெற்றோர்): பணவீக்கம் 10 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது என்கிறார்கள். விலை எதுவும் குறையவில்லையே, ஐயா?

குறையாதுங்க. 100 முதலில் 110 ஆனது, அடுத்த ஆண்டு 115.50 ஆனது. ஏறுகிற வேகம்தான் குறைந்தது. அப்புறம், 10-லிருந்து 5 என்பது 5 சதவீதப் புள்ளிகள் குறைவு. "5 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் அர்த்தமே மாறிவிடும், ஏனென்றால் 10 என்பது 5 ஆவது 50 சதவீதக் குறைவு.

கேள்வி (8-ஆம் வகுப்பு): அரசாங்கமே நோட்டு அடித்து எல்லாருக்கும் கொடுத்தால் வறுமை போய்விடாதா?

நோட்டு பெருகும், பொருள் பெருகாது. இருக்கிற அதே பொருளைப் பிடிக்க அதிக நோட்டு ஓடும், விலை ஏறும். ஜெர்மனியில் 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஜிம்பாப்வே 2009-இல் 100 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் நோட்டையே அடித்தது. நம் கணக்கில் ஒரு கோடி கோடி! எத்தனை பூஜ்யம் என்று நீயே எழுதிப் பார்.

கேள்வி (12-ஆம் வகுப்பு): மாதிரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. மாதிரி என்றால் எல்லாரையும் கேட்க முடியாதபோது தேர்ந்தெடுத்துக் கேட்கும் சிலர். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு வாக்கு என்று கேட்டு சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை. 1930களின் பொருளாதாரச் சரிவான பெருமந்தக் காலத்தில் அவை இரண்டும் யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாததற்கு, அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தனி ரகம். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் கேலப் முடிவைச் சரியாகச் சொன்னார்.

அப்படியானால் எத்தனை பேர் போதும் என்று அடுத்துக் கேட்பாய். எல்லாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்த 1,000 பேர் இருந்தால் பிழை சுமார் 3 சதவீதப் புள்ளிக்குள் நிற்கும். மக்கள்தொகை 1 கோடியா 100 கோடியா என்பது அதை அநேகமாக மாற்றாது. அந்த 3-ஐ 1.5 ஆக்க வேண்டுமானால் 2,000 பேர் பற்றாது, 4,000 பேர் வேண்டும். ஏன் நான்கு மடங்கு? திட்ட விலக்கத்தில் பார்த்த அதே வர்க்கமூலம்தான் இங்கேயும் வந்து நிற்கிறது: நான்கின் மூலம் இரண்டு, அதனால் நான்கு மடங்கு பேர் இருந்தால்தான் பிழை பாதியாகும்.