டிஎன்ஏ போலச் செயற்கையாகச் செய்த மூலக்கூறு மருந்தாக வேலை செய்யுமா?

செய்கிறது. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென் என்ற மருந்தே அதற்குச் சான்று. எஸ்எம்ஏ என்ற தசைநலிவு நோயில் எஸ்எம்என்1 மரபணு வேலை செய்யாது. கூடவே கிட்டத்தட்ட அதைப் போன்ற எஸ்எம்என்2 மரபணுவும் இருக்கிறது. ஆனால் அதன் ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்ய எடுக்கும் நகலை, செல் வெட்டி ஒட்டும்போது 7-வது துண்டு பெரும்பாலும் விடுபட்டுப்போகும். புரதம் அரைகுறையாகிவிடும்.

நுசினெர்சென் 18 எழுத்து நீளமுள்ள இழை. அந்த ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். 7-வது துண்டை விலக்கும் புரதங்களுக்கு அங்கே இடமில்லாமல் போகும். துண்டு தங்கிவிடும், எஸ்எம்என்2-இலிருந்து முழுப் புரதம் கிடைக்கும். சரி, நொதிகள் இழையை நறுக்காதா? முதுகெலும்பு போன்ற அதன் இணைப்புகளில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்திருக்கிறார்கள், சர்க்கரையையும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் தாக்குப்பிடிக்கும். மரபணுவைத் தொடுவதில்லை என்பதால், தொடக்க ஊசிகளுக்குப் பிறகும் 4 மாதத்துக்கு ஒருமுறை தண்டுவட நீரில் ஊசி போட வேண்டும். சோதனையில் சில குழந்தைகள் பிடிமானமில்லாமல் உட்கார்ந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.